ஊசி குத்திக்கொண்டவர்களுக்குப் பொய்க்கணக்கு வேண்டாம்

அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுகளில் பங்கேற்றால் கிடைக்கும் பணத்துக்கு வருமான வரி கிடையாது, அதைக் கணக்கில் காட்டவும் தேவையில்லை என்று சென்ற இதழில் நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார் கட்டுரையாளர். அங்கே படிக்கப்போகும் நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவதாகவும் சொல்லியிருந்தார். அவர் சொன்னது தவறு. பார்வை வேறுபாடு என்று பூசி மெழுக முடியாத தவறு. அதை நம்பி ஒரு மாணவரோ, உதவித்தொகையில் காலம் தள்ளும் ஒரு நோயாளியோ நடந்துகொண்டால், வரித்துறையின் கடிதமும் வட்டியும் அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். கட்டுரையாளர் வீட்டுக்கு வராது.

நான் பதினோரு வருடம் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்தவள். வருகிறவருக்கு ஒப்புதல் படிவத்தை வரி வரியாக வாசித்துக் காட்டுவது, ரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் நிற்பது, எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் போகப் பயப்படுகிறவரின் கையைப் பிடித்துக்கொள்வது, கடைசியில் அட்டையில் பணம் ஏற்றித் தருவது எல்லாம் என் வேலை. அந்தப் பணத்துக்காக மூன்று பேருந்து மாறி வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தவறான வழியைக் காட்டிய ஒரு கட்டுரையை, எழுதியவர் நல்லவர் என்பதற்காக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரையின் முதல் தூண் ‘அன்பளிப்பு’. பங்கேற்பவர் அறிவியலுக்காகத் தன்னைத் தருகிறார், நிறுவனம் நன்றிக்கு ஒரு தொகை தருகிறது, அன்பளிப்புக்கு வரியில்லை என்கிறார். எது அன்பளிப்பு என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1960-லேயே டூபர்ஸ்டீன் வழக்கில் அலசப்பட்டுவிட்டது. ஒஹாயோவில் உலோக வியாபாரம் செய்த டூபர்ஸ்டீன், நியூயார்க்கில் இருந்த இன்னொரு உலோக நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்களின் பெயர்களைச் சொல்லி உதவிவந்தார். நன்றிக்கு அவர்கள் ஒரு காடிலாக் கார் கொடுத்தார்கள். தன்னிடம் ஏற்கெனவே கார் இருக்கிறது, வேண்டாம் என்றுகூட அவர் சொல்லிப் பார்த்தார். கொடுத்த நிறுவனமோ அந்தக் காரைத் தன் தொழில் செலவாக எழுதிக்கொண்டது. கைம்மாறு கருதாத தாராள மனத்தோடு கொடுப்பதுதான் வரிச்சட்டத்தின் கண்ணில் அன்பளிப்பு என்றது நீதிமன்றம். காரின் மதிப்பு வருமானமாயிற்று.

ஆய்வுப் பணத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். வருகைக்கு இவ்வளவு என்று ஒப்புதல் படிவத்தில் அச்சடித்திருக்கிறது. நான்கு வருகையில் இரண்டோடு நின்றுவிட்டால் இரண்டுக்கான பணம்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு, தவணை போட்டு, ஆய்வின் செலவுக் கணக்கில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் மொய்க்கே நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறோம், அதையே சுத்தமான அன்பளிப்பு என்று யாரும் சொல்வதில்லை. பேசிய வேலைக்குப் பேசிய தொகையை அன்பளிப்பு என்று எழுத எப்படிக் கை வந்தது?

இரண்டாவது வாதம் வாசகர்களின் மனதைத் தொட்டிருக்கும். ரத்தம் போகிறது, வலிக்கிறது, தூக்கம் கெடுகிறது, இதெல்லாம் இழப்பு, இழப்புக்குத் தருவது நட்டஈடு, நட்டஈட்டுக்கு வரியில்லை என்கிறார். வருமான வரிச் சட்டத்தில் 104-ஆம் பிரிவு இருப்பது உண்மைதான். உடற்காயத்துக்காக வழக்கிலோ சமரசத்திலோ பெறும் நட்டஈட்டை அது வருமானத்திலிருந்து விலக்குகிறது. சம்மதித்து ஏற்றுக்கொண்ட வலிக்கும் அது பொருந்துமா என்ற கேள்வி 2015 சனவரியில் அமெரிக்க வரி நீதிமன்றத்தின் முன் நேராகவே வந்து நின்றது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு பெண் 2009-இல் இரண்டு முறை கருமுட்டை தானம் செய்து, முறைக்கு 10,000 டாலராக 20,000 டாலர் பெற்றிருந்தார். பணம் முட்டைக்கு அல்ல, நேரத்துக்கும் சிரமத்துக்கும் வலிக்கும்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அவர் பட்ட வலி பொய் என்று நீதிபதி சொல்லவில்லை. அந்த வலி ஒப்பந்தத்தின் ஒரு பகுதி, அதற்கு முன்கூட்டியே பேசி வாங்கிய பணம் நட்டஈடு ஆகாது என்றார். இதை ஒத்துக்கொண்டால் குத்துச்சண்டை வீரரும் மூக்கில் ரத்தம் வந்ததற்கென்று தன் வருமானத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாமே என்றும் கேட்டார். 20,000 டாலரும் வருமானம்.

கருமுட்டை தானம் ஆய்வாகாது என்று கட்டுரையாளர் சொல்லலாம். நான் வாசித்துக் காட்டிய நூற்றுக்கணக்கான ஒப்புதல் படிவங்களிலும் இதே சொற்கள்தான் இருந்தன: உங்கள் நேரத்துக்கும் சிரமத்துக்கும். சோதனை மருந்து எதிர்பாராத கெடுதல் செய்து, அதற்கு நட்டஈடு கிடைத்தால் அது வேறு விஷயம். 104 அங்கே கைகொடுக்கும். இந்த இரண்டு பணத்தையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார் அவர்.

இதோடு நின்றிருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். ஆனால் தன் பக்கத்துக்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். அபூர்வமான எதிர்ப்பொருள் கொண்ட ரத்தத்தைப் பல வருடம் விற்ற ஒரு பெண்மீது வரி ஏய்ப்புக் குற்றம் சுமத்தப்பட்டது, 1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைத் தண்டனையிலிருந்து மீட்டது, ஆகவே உடம்பிலிருந்து வருவதற்கு வரியில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது என்கிறார். அந்தத் தீர்ப்பு அப்படிச் சொல்லவே இல்லை. ரத்தப் பணத்துக்கு வரி உண்டா என்பது அந்த நாளில் தெளிவில்லாமல் இருந்தது, அப்படித் தெளிவில்லாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். சிறைக்குப் போகாமல் தப்பியதும் வரி இல்லை என்பதும் ஒன்றாகிவிடுமா?

அடுத்த ஆண்டே, 1980-இல், இன்னொரு பெண்ணின் வழக்கு வரி நீதிமன்றத்துக்கு வந்தது. அவரும் அபூர்வ ரத்த வகைக்காரர், பிளாஸ்மா கொடுத்துப் பணம் பெற்றவர். அது வருமானம்தான் என்று நீதிமன்றம் தீர்த்தது. அதைத் தொழிலாகவே நடத்தினார் என்பதால், பிளாஸ்மாவின் தரத்தைக் காக்க அவர் சாப்பிட்ட புரதச் சத்து மிகுந்த உணவுச் செலவையும், ஆய்வகத்துக்குப் போய்வந்த பயணச் செலவையும் கழிக்க விட்டது. உடம்பிலிருந்து தாதுச்சத்து குறைந்துபோனதற்கும் சுரங்கத்தில் கனிமம் தீர்வதற்குக் கொடுப்பதுபோல் கழிவு வேண்டும் என்று அவர் கேட்டதை மறுத்துவிட்டது. கட்டுரையாளருக்கு இந்த வழக்கு தெரியாமல் இருந்திருந்தால் எழுத உட்காரும் முன் தேடியிருக்க வேண்டும். தெரிந்தும் 1979-ஐ மட்டும் காட்டினார் என்றால் அது வாசகருக்குச் செய்த வஞ்சனை.

மூன்றாவதாக அந்த 600 டாலர் கதை. 600 டாலருக்குக் கீழே வாங்கினால் 1099 படிவம் வராது, ஆகவே வரி இல்லை என்கிறார். இந்த நம்பிக்கை ஆய்வுக்கூடங்களின் காத்திருப்பு அறைகளில் வாய்வழியாகப் பல காலமாக உலவுகிறது. 600 என்பது பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கு வைத்த எல்லை. ஒரு நாட்காட்டி ஆண்டில் ஒருவருக்கு அந்த அளவு கொடுத்தால் நிறுவனம் வரித்துறைக்குப் படிவம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பணம் வாங்குகிறவருக்கு அப்படி ஒரு எல்லை எந்தப் பிரிவிலும் இல்லை. 50 டாலர் வாங்கினாலும் அது வருமானமே. போதாக்குறைக்கு அந்த எண்ணும் பழையதாகிவிட்டது. 2025 சூலையில் கையெழுத்தான சட்டம், 2026 முதல் கொடுக்கும் பணத்துக்கு அந்த எல்லையை 2,000 டாலராக உயர்த்திவிட்டது. இனி இன்னும் பல பேருக்குப் படிவம் வராது. படிவம் வராவிட்டால் வரி இல்லை என்ற பொய்யும் இன்னும் பல பேரிடம் போய்ச் சேரும். அதனால்தான் இந்த நேரத்தில் அந்தக் கட்டுரை வந்தது எனக்கு இவ்வளவு எரிச்சலைத் தருகிறது.

கூட்டல் கணக்கையும் அவர் யோசிக்கவில்லை. எல்லை ஒரு ஆய்வுக்கானது அல்ல, பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கானது. ஒரே பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையில் 150, நரம்பியலில் 300, உறக்க ஆய்வில் 400 வாங்கினால், துறைகள் வேறானாலும் கொடுத்தவர் ஒருவரே. மூன்றும் கூடும். எல்லை 600-ஆக இருந்தபோது இப்படி 1099 வந்ததைக் கவனிக்காமல் விட்ட ஒருவருக்கு, வரித்துறை தன்னிடம் இருக்கும் படிவத்தோடு கணக்கு ஒத்துப்போகவில்லை என்று அனுப்பும் சிபி2000 கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான்தான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பல்கலைக்கழகம் லாப நோக்கற்ற அமைப்பு, ஆகவே அது தரும் பணத்துக்கும் வரியில்லை என்பது இன்னொரு வாதம். அதே பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கும் துப்புரவுத் தொழிலாளி வரி கட்டுகிறார். கடைகளில் செல்லும் பரிசு அட்டையாக வாங்கினால் கணக்கில் வராது என்பதும் அப்படியே. பணத்துக்குச் சமமான எதுவும் பணம்தான்.

வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அவர் எழுதிய பத்திதான் மிக மோசம். எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் அமெரிக்க வரிவலைக்குள் வருவதில்லை, கவலையின்றிப் பங்கேற்கலாம் என்கிறார். நடப்பது தலைகீழ். முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு அந்த மாணவர் பொதுவாக வரிச்சட்டத்தின்படி அங்கே குடியிராதவர். அதனாலேயே இந்த வகைப் பணத்தில் 30 விழுக்காட்டைப் பல பல்கலைக்கழகங்கள் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்கின்றன. 1042-எஸ் என்ற வேறு படிவம் போகிறது. அதற்கு 600-உம் கிடையாது, 2,000-உம் கிடையாது, முதல் டாலரிலிருந்தே கணக்கு. இந்தியாவோடு உள்ள வரி ஒப்பந்தம் இந்திய மாணவருக்கு நிலையான கழிவை அனுமதிக்கிறது. சம்பளத்துக்கு அது உதவும். மொத்தத் தொகையில் 30 விழுக்காடு என்று பிடிக்கப்படும் இந்த வகை வருமானத்துக்கு அந்தக் கழிவு எட்டாது.

மதுரைப் பக்கத்திலிருந்து படிக்க வந்த ஒரு பையன் எங்கள் எம்.ஆர்.ஐ. ஆய்வில் சேர்ந்தான். 300 டாலர் என்று அறைத்தோழர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள், அவர்களுக்கு முழுத்தொகை வந்தது. இவனுக்கு வந்தது 210. “அக்கா, மீதி எங்கே?” என்று கேட்டான். அந்த 90 டாலர் அவனுக்கு இரண்டு வார மளிகை. அறைத்தோழர்களின் பேச்சை நம்பியதால் படிவத்தில் வரிப் பிடித்தம் பற்றிய பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டதாகச் சொன்னான். நானும் அன்றைக்கு அந்தப் பக்கத்தை வேகமாக வாசித்துவிட்டேன். அதன் பிறகு ஒருபோதும் அப்படி வாசித்ததில்லை. இப்போது ஒரு பத்திரிகையே அந்த அறைத்தோழர்களின் வேலையைச் செய்திருக்கிறது.

வருமான வரியோடு விஷயம் முடிவதில்லை என்பது கட்டுரையாளருக்குத் தெரியவே இல்லை. பங்கேற்கிறவர்களில் மிக ஏழைகளுக்கு வரி என்று ஒரு டாலர்கூட வராமல் போகலாம். தனியாளுக்கு 2025-இல் நிலையான கழிவே 15,750 டாலர். அவர்களை அடிப்பது வேறு இடம். ஊனமுற்ற, முதிய ஏழைகளுக்கு எஸ்.எஸ்.ஐ. என்ற உதவித்தொகை இருக்கிறது. 2025-இல் தனியாளுக்கு நடுவண் அரசு தந்தது மாதம் 967 டாலர். உழைப்பால் வராத வருமானம் வந்தால் முதல் 20 டாலரை விட்டுவிட்டு மீதியை டாலருக்கு டாலர் அதில் குறைப்பார்கள். வேறு வருமானமே இல்லாத ஒரு பெண் ஆஸ்துமா ஆய்வில் 400 டாலர் வாங்கி, அதை அந்த வகையில் எண்ணினால், உதவித்தொகையில் 380 போகும். அத்தனை ஊசிக்கும் அத்தனை அலைச்சலுக்கும் அவர் கையில் மிஞ்சுவது 20. கட்டுரையாளர் பேச்சைக் கேட்டு அவர் சொல்லாமல் விட்டால், பிறகு கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று அந்த 380-ஐத் திரும்பக் கேட்பார்கள். சேமித்து வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டினால் தகுதியே போய்விடும். 1989-இலிருந்து அந்த எல்லை ஒரு டாலர்கூட உயரவில்லை. பல மாநிலங்களில் எஸ்.எஸ்.ஐ. போனால் மெடிக்கெய்ட் மருத்துவ உதவியும் ஆட்டம் காணும்.

இந்த அநியாயம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே உறைத்தது. 2010 அக்டோபரில் கையெழுத்தான ஒரு சட்டம், அரிய நோய்களுக்கான மருந்துச் சோதனையில் கிடைக்கும் பணத்தில் ஆண்டுக்கு முதல் 2,000 டாலரை எஸ்.எஸ்.ஐ., மெடிக்கெய்ட் தகுதிக் கணக்கிலிருந்து நீக்கியது. ஐந்தாண்டுக்கென்று வந்ததை 2015-இல் நிரந்தரமாக்கினார்கள். அரிய நோய் என்றால் நாட்டில் 2,00,000 பேருக்கும் குறைவாக இருக்கும் நோய். ஆஸ்துமாவும் நீரிழிவும் அதில் வராது. அந்தச் சலுகை வருமான வரிக்கும் பொருந்தாது. கட்டுரையாளர் எங்கோ இதைக் கேள்விப்பட்டு, 2,000 டாலர் வரை எல்லாருக்கும் வரியில்லை என்று எழுதிவிட்டார் என நினைக்கிறேன். ஒரு சட்டத்தின் தலையையும் இன்னொன்றின் வாலையும் ஒட்டவைத்திருக்கிறார்.

இவ்வளவு எழுதியதால் நான் வரித்துறையின் ஆள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தப் பணத்துக்கு வரி கூடாது என்று அவரைவிட உரத்துச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நிறுவனங்கள் நெறிமுறைக் குழுவின் முன் நின்று, இது கூலி இல்லை, ஆசைகாட்டும் அளவுக்குக் கொடுக்கவில்லை என்று உறுதி சொல்கின்றன. கூலி இல்லை என்பதால் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது, தொழிலாளிக்குள்ள காப்பு ஒன்றும் கிடையாது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இந்தப் பணத்தை ஆய்வின் ஆபத்தோடு தராசில் வைக்கும் நன்மையாக எண்ணவே கூடாது என்று வழிகாட்டுகிறது. நன்மையாக எண்ணக் கூடாத பணம் வரித்துறையின் மேசைக்குப் போனதும் முழு வருமானமாகிவிடுகிறது. ஓர் அரசே இரண்டு நாக்கால் பேசுகிறது. கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அன்பளிப்பு, இழப்பு என்று சொற்களோடு விளையாடியதில் கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.

விலக்கு எப்படிக் கிடைக்கும் என்பதற்கும் அந்த நாட்டிலேயே வழி இருக்கிறது. வளர்ப்புப் பிள்ளைகளைப் பராமரிப்போருக்கு அரசு தரும் பணத்தை வருமானம் இல்லை என்று 131-ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். எழுதியதால்தான் அது வருமானமாகவில்லை. மருந்துச் சோதனைப் பணத்துக்கும் விலக்குக் கேட்டு மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஏற்கெனவே வரி இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டால் அந்த மசோதாவுக்காக யார் வாய் திறப்பார்கள்?

மாணவர்களுக்கு உதவ நினைத்தவர் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. பேருந்துக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம், தங்கும் செலவு இவற்றுக்கு ரசீது காட்டி நிறுவனத்திடம் திரும்பப் பெறும் பணம் பொதுவாக வருமானத்தில் சேராது. பயணத்தையும் தங்குமிடத்தையும் திரும்பக் கொடுப்பது தகாத ஆசைகாட்டல் ஆகாது என்று எஃப்.டி.ஏ. 2018-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டும்: என் பயணச் செலவைத் தனியாகத் தருவீர்களா, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகத் தருவீர்களா? ஒரே தொகையாக 500 வாங்கி அதில் 200-ஐ பெட்ரோலுக்குச் செலவழித்தால், எப்போதோ ஒருமுறை பங்கேற்கிறவரால் அந்த 200-ஐப் பிறகு கழிக்க முடியாது. அந்த வகைக் கழிவை 2018 முதல் நிறுத்திவைத்திருந்தார்கள், 2025 சட்டம் அதை நிரந்தரமாகவே எடுத்துவிட்டது. கையில் தங்காத 200-க்கும் சேர்த்து வரி. இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தாலே ஒரு பையனுக்கு மளிகைப் பணம் மிஞ்சும். நான்கு பக்கத்தில் அதற்கு ஒரு வரி இடமில்லை.

அமெரிக்காவில் வரிக்கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 15. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனை பேர் எந்தப் பணத்தைக் கணக்கில் விட்டுவிடப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அவர் எழுதியது எந்தப் பக்கத்தில் எந்த எழுத்தளவில் வந்ததோ, அதே பக்கத்தில் அதே எழுத்தளவில், அவர் கையெழுத்தோடு, அந்த நாளுக்கு முன் வரும் இதழில் திருத்தம் வரட்டும்.